உம் கொட்ட ஒரு ஆள்

எங்கள் தெருக்காரர்கள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தையும், முதன்முதலாகச் சொந்த நிலம் கிடைத்து அதில் கிணறு வெட்டிய கதையையும் அவரவர் குரலிலேயே பதிந்து வைக்க வேண்டும் என்று கிளம்பியவள் நான். பெயர் பவதாரிணி, தல்லாகுளத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. இதற்காக ஒரு பயிற்சிக்கும் போய்வந்தேன். அங்கே திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: பேட்டி கொடுப்பவர் பேசும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, குறுக்கே சத்தம் விழுந்தால் பதிவு கெட்டுப்போகும்.

கிணறு வெட்டியவர்களில் இன்று இருப்பது இரண்டே பேர். ஒருத்தி என் அம்மா தங்கப்பொண்ணு. இன்னொருவர் அவளுடைய அண்ணன், சங்கிலி மாமா. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் என் காதுகள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமா வரத் தாமதமாகவே, நல்ல நேரம் போகிறதென்று வேறொருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். சீரோடு வந்த மாமா வாசலோடு திரும்பிப் போனார். வலித்தது எனக்கு, முறுக்கிக்கொண்டது இவர்கள். கம்மல் போடும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரையும் வரச்சொன்னேன். ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தால் ராசியாகிவிட மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. மாமா வந்தார். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார்.

அம்மா தொடங்கினாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்திவிட்டாள்.

"கேக்குறியா, இல்லையாடி?"

உம் கொட்ட ஆளில்லாமல் கதை சொல்வது செவிடன் காதில் ஊதின சங்கு என்று சடைத்துக்கொண்டாள். நான் விதியை விளக்கினேன். அப்படியென்றால் அந்தப் பயிற்சிக்காரர்களையே வந்து கிணறு வெட்டச் சொல் என்றாள். மறுபடி தொடங்கி மறுபடி நின்றாள். ஊரே வாய்பிளந்து கேட்கும் கதை, மைக்குக்கு முன்னால் ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி வறண்டு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது தடவை தொடங்கி, கடப்பாரை இரவல் கேட்டு ஊர் ஊராக அலைந்ததைச் சொல்லி அம்மா மூச்சு வாங்கினாள்.

"ம்" என்று ஒரு சத்தம்.

சுவர்ப் பக்கமிருந்து வந்தது. மாமா திரும்பவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அம்மா அண்ணனின் முதுகைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதையைப் பிடித்தாள் பாருங்கள். பாறை பிளந்தது, ம். ஊற்று கண் திறந்தது, ம். பெண்கள் குலவை போட்டார்கள், ம்.

"தண்ணியப் பாத்த சந்தோசத்துல எங்கண்ணன் வழுக்கிச் சேத்துல விழுந்துருச்சு" என்றாள்.

உம் வரவில்லை. நாற்காலிதான் கிரீச்சென்று திரும்பியது.

"நான் எங்க விழுந்தேன்? நீதானத்தா புடிச்சுத் தள்ளுன."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். வேண்டுமென்றே மாற்றிச் சொல்லியிருக்கிறாள், கள்ளி. மாமாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பிறகு மாமாவின் முறை. கிணற்றைப் பற்றித்தான் கேட்டேன். அவர் என் காதைப் பார்த்தார்.

"காதுகுத்து அன்னைக்கு டவுனுல சீர்ச் சாமான் வாங்கிக்கிட்டு ஆரப்பாளையத்துல பஸ் ஏறுனேன். செக்கானூரணி தாண்டி பஸ்ஸு நின்னுபோச்சு. அம்புட்டையும் தலையில வச்சு நடந்தே வந்தேன்."

கேள்விக்குச் சம்பந்தமில்லாத பேச்சென்றால் பதிவை நிறுத்திவிட வேண்டும் என்பதும் ஒரு விதி. நான் கை வைக்கவில்லை. இத்தனை வருஷமாக யாரும் அவரிடம் கேட்காத கதை அது.

அம்மா தன் நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ம்" என்றாள். "சொல்லுண்ணே."