அருள்நாயகிக்கு ஒரு நிமிடம்

புல்லுக்குக் குளிரக்கூடாதென்று மண்ணுக்குக் கீழே வெந்நீர்க் குழாய் பதித்த ஸ்ரேடியம் அது. உதைபந்தாட்டக் கழகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், இன்னமும் அங்கேதான் துப்புரவு வேலை செய்கிறேன். நான் குடியிருக்கும் இஷொயிலிருந்து ரயிலெடுத்துப் போய், காசுக்காரர் இருந்து ஆட்டம் பார்க்கிற கண்ணாடி அறைகளைத் துடைப்பேன்.

2009 மே மாதம். புருஷனை இழந்த என் தங்கை அருள்நாயகியும் அவளுடைய ஏழு வயது மகன் ஸ்ரிபனும் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தார்கள். ஐந்து வாரமாக ஒரு தகவலும் இல்லை. திங்கட்கிழமை யுத்தம் முடிந்துவிட்டதென்று செய்தி வந்தது. எங்கள் கத்தோலிக்கச் சங்கத்தின் செயலாளர் றொபேர்ட் மறுநாளே ஸ்ரேடிய அலுவலகத்துக்கு ஓடினான். செத்த சனத்துக்காக ஞாயிறு ஆட்டத்துக்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கவேண்டுமென்று கேட்டானாம். அங்கிருந்த அதிகாரி பிரெபென், "இங்கே அரசியல் கூடாது, ஊழியர் வீட்டுச் சாவென்றால் செய்யலாம்" என்றாராம். இந்தப் புத்திசாலி என்ன செய்தான் தெரியுமா? என்னிடம் ஒரு சொல் கேட்காமல் என் தங்கையின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். பிரெபெனும் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவளைத் தொந்தரவு செய்யக்கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் மேல்மாடியில் துணியோடு நிற்கிறேன், பெரிய திரையில் அருள்நாயகியின் கல்யாணப் படம் வருகிறது. என் வீட்டுச் சுவரில் தொங்கியதை எப்போது படமெடுத்தானோ, பாவி. "எங்கள் ஊழியர் மரியநாயகியின் மறைந்த சகோதரி" என்று ஒலிபெருக்கி டேனிஷில் சொல்கிறது. இருபதாயிரம் பேர் எழுந்தார்கள். ஒரு இருமல்கூட இல்லை. அவள் உயிரோடு வரவேண்டுமென்று நான் இரவுபகலாய்ச் செபமாலை உருட்டுகிறேன், இவர்கள் அவளைச் சாகடித்து அஞ்சலியும் செலுத்துகிறார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், "அவள் சாகவில்லை" என்று டேனிஷில் கத்தினேன். காவலர்கள் இருவர் தோளில் கைபோட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார்கள். துக்கத்தில் கத்துகிறேன் என்று தண்ணீர் தந்தார்கள், பூங்கொத்தும் தந்தார்கள்.

மாலையில் றொபேர்ட் வீட்டுக்குப் போனேன்.

"ஒரு பேரெண்டாலும் வேணுமெண்டு சொன்னவங்கள், அக்கா. அவ்வளவு சனத்துக்கும் சேர்த்துத்தானே குடுத்தனான்."

"அப்ப உன்ர மனுசி புஷ்பராணியின்ர பேரைக் குடுத்திருக்கலாமே."

உள்ளேயிருந்து அவன் மனைவி விம்மினாள்.

யூன் மாத நடுவில் வவுனியா முகாமிலிருந்து தொலைபேசி வந்தது. அருள்நாயகிதான். செபமாலையை எடுத்து முத்தமிட்டேன். பிறகுதான் சொன்னாள், பதுங்குகுழிக்குள் செல்குண்டு விழுந்து ஸ்ரிபன் போய்விட்டான் என்று. கையால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நடந்தாளாம். ஒரு செபம் சொல்லக்கூட நேரமில்லையாம். என் வாய் சும்மா இருந்ததா? ஸ்ரேடியத்தில் நடந்ததையும் சொல்லித் தொலைத்தேன்.

"எனக்கு இருபதாயிரம் பேர் எழும்பினவையோ? என்ர பிள்ளைக்கும் ஒருக்கா எழும்பச் சொல்லுங்கோவன், அக்கா."

மறுநாள் காலை பிரெபெனிடம் போனேன். பிள்ளையின் பெயரையும் வயதையும் துண்டில் எழுதிக் கொடுத்தேன். நல்ல மனிதர், கண் கலங்கக் கேட்டார். பிறகு கணினியைப் பார்த்தார்.

"உங்கள் குடும்பத்துக்கு ஏற்கனவே ஒரு முறை செய்துவிட்டோமே, மரியநாயகி. ஒரு ஊழியருக்கு ஒன்றுதான் விதி."

"அது தவறு. தங்கை உயிரோடு இருக்கிறாள்."

"அது மகிழ்ச்சியான செய்தியல்லவா? வேண்டுமென்றால் அடுத்த ஆட்டத்தில் திரையில் ஒரு வாழ்த்துப் போடலாம்."

மேசையில் அவருடைய கோப்பிக் குவளை இருந்தது. தட்டிவிட்டேன். விசைப்பலகை, தரை, அவருடைய காற்சட்டை எல்லாம் கோப்பி. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஒன்றையும் துடைக்காமல் வெளியே வந்தேன்.