முனியாண்டிக்கு இடமாற்றம்

திருவாதவூர்ப் பக்கத்துக் கல்குவாரியில், வருஷந்தோறும் கிடா வாங்கிக்கொள்ளும் முனியாண்டி பாறை உச்சியில் இருந்தார். அவர் இருக்கும் இடத்தில் வேட்டு வைக்கக் கல்லுடைப்பவர்கள் யாரும் துணிவதில்லை. கான்ட்ராக்டர் சாம்பசிவம் பிள்ளையோ பெரிய பக்திமான். ஜில்லா போர்டு ரோட்டுக்கு நல்ல கல் தேவைப்படும்போதெல்லாம் முனியாண்டி அவர் கனவில் வந்து, “என்னைத் தள்ளி வை” என்பார். தள்ளித் தள்ளி, சாமி பாறையின் விளிம்புக்கே வந்துவிட்டார்.

பிள்ளை அடுத்த கனவைச் சொல்ல வாயெடுத்தபோது, கல்லுடைக்கும் சங்கிலி முந்திக்கொண்டான்.

“எனக்கும் கனவுல வந்துச்சு முதலாளி. வேட்டுச் சத்தத்துல தூக்கமே இல்லையாம். மாசி வீதியில உங்க வீட்டுக்கே வந்துர்றேன்னுச்சு. கெடாவெட்டும் இனி அங்கனதானாம்.”

சுத்த சைவரான பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது.

“சீச்சீ! இந்தக் காலத்துலயும் கனவையெல்லாமாடா நம்புறீங்க?”