இழுக்க இழுக்க இறுகும் பிடி

ஆய்வுக்கூடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். தட்டுகளை ஆட்டும் இயந்திரம் அன்று காலையிலேயே படுத்துவிட்டதால், மத்தியானம் முழுக்கக் கையாலேயே ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தட்டில் கினிப்பன்றியின் சிவப்பணுக்கள்; அவற்றோடு, சிறுநீர்ப்பாதையில் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள். அவற்றின் உடம்பெல்லாம் மயிரிழைகள். இழையின் நுனி அணுவின் மேலுள்ள சர்க்கரையைக் கவ்விக்கொள்ளும். கவ்வினால் அணுக்கள் கொத்துக்கொத்தாகத் திரளும். ஜன்னல் வெயிலில் அந்த இளஞ்சிவப்புக் கொத்துகள் இப்படியும் அப்படியும் அலைய, அவளுக்குக் கண் சொக்கியது.

தங்கையிடமிருந்து போன். தட்டை மேசையில் வைத்துவிட்டு எடுத்தாள்.

"அக்கா, திரும்ப வந்துடுச்சு. எரிச்சல், குளிர் ஜுரம். இந்த வருஷத்துல மூணாவது தடவ."

"தண்ணி குடிக்கிறியா?"

"குடம் குடமா குடிக்கிறேன். அடிச்சிட்டுப் போகணும்ல? அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு உயிரை வாங்குது."

"இப்பவே டாக்டர்கிட்ட போ. சாயங்காலம் வரேன்."

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் கொத்துகளைக் காணோம். வெறும் இளஞ்சிவப்பு மூட்டம். வேலை கெட்டது என்று நினைத்தாள். மறுபடி ஆட்டினாள்; இதழ் இதழாகத் திரண்டன. நிறுத்தினாள், மெல்லக் கரைந்தன. ஏழெட்டு முறை அப்படியே செய்தாள், விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வந்தது.

துறைத்தலைவருக்கு 'அப்படியா சார்' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் அதுதான் அவர் பதில். ஆட்டினால் ஒட்டுகிறது, நிறுத்தினால் விட்டுவிடுகிறது என்று அவரிடம் போய்ச் சொன்னாள்.

"அப்படியா? வேகமா இழுத்தா விடணும்மா. அதுதானே நியாயம்?"

"நியாயம் அதுக்குத் தெரியல சார்."

நுண்ணோக்கியின் கீழே, சிறு பம்பு வைத்து அணுக்களின் மேல் நீரை ஓடவிட்டார்கள். மெதுவாக விட்டபோது பாக்டீரியாக்கள் உருண்டு உருண்டு நகர்ந்தன. வேகம் கூட்டியதும் நின்ற இடத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டன. நீர் பிய்த்துக்கொண்டு ஓடியும் அசையவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பம்பின் வேகத்தை அவரே இன்னும் கூட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் தங்கை போர்வைக்குள் சுருண்டிருந்தாள். மருந்து ஆரம்பித்தாயிற்று. அக்கா அன்று பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

"அப்போ நான் குடிச்ச தண்ணியெல்லாம் வீணா?"

"ஒட்டாம சுத்துறத தண்ணி அடிச்சிட்டுப் போகும். குடி. ஒட்டினத மாத்திரை பார்த்துக்கும். பாதியில மட்டும் நிறுத்தாத."

தங்கை போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். "போன தடவ மூணாம் நாளே நிறுத்திட்டேன். சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

அக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. நெற்றியில் கைவைத்து, அவள் தூங்கும்வரை அப்படியே இருந்தாள்.

இந்த முறை தங்கை ஒரு மாத்திரைகூட விடவில்லை. குணமானபின் ஆய்வுக்கூடத்துக்கே வந்து நுண்ணோக்கியில் கண்ணைப் பொருத்தினாள். நீரோட்டத்தில் அணுக்கள் பவளம்போல் மினுங்க, அவற்றின்மேல் சின்னஞ்சிறு குச்சிகள் பதிந்திருந்தன. வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"சனியன்," என்றாள் மெதுவாக, "எவ்ளோ அழகா இருக்கு!"