அக்காவின் பாதத்தில் ஐந்து தையல்

1

இந்தக் கதை பீரோவிலிருந்து வந்தது. கற்பனை என்று உங்களை ஏமாற்ற மனமில்லை. தம்பியின் பிறப்புச் சான்றிதழைத் தேடிக் குடைந்தபோது பழைய மருத்துவமனைச் சீட்டு ஒன்று கையில் மாட்டியது. அக்காவின் பெயர், வயது எட்டு, வலது பாதத்தில் கண்ணாடிக் காயம், ஐந்து தையல். தேதி, தம்பி பிறந்த அதே நாள்.

அந்த நாள் எங்கள் வீட்டில் பிரசித்தம். அம்மா பிரசவத்துக்குப் போயிருந்தாள். நாலு வயதான நான் கடைத்தெருவில் தொலைந்து, நாலு தெரு தாண்டித் தனியாக வீடு வந்து சேர்ந்தேனாம். பெரியம்மா இதை ஆயிரம் முறையாவது சொல்லியிருப்பாள். “இவள காட்டுல விட்டாலும் வந்துடுவா. பெரியவ இருக்காளே, சுத்தப் பயந்தாங்கொள்ளி!”

அதை நம்பித்தான் நான் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனேன். அதை நம்பித்தான் அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மூலையில் இருபது வருடமாக மைக்ராஸ்கோப்பில் குனிந்து கிடக்கிறாள்.

2

‘வெயில் கொளுத்திய ஒரு மதியத்தில், சின்னஞ்சிறு சிறுமி ஒருத்தி...’

சே! அழகான வரிக்கெல்லாம் எனக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கதை முடிந்தாக வேண்டும். வேறு ஊரில் திறக்கும் கிளைக்கு அக்காவைத் தலைமைப் பொறுப்பில் போகச் சொல்கிறார்கள். பதில் சொல்ல அன்றுதான் கடைசி நாள். “எனக்கு ஏதுடி அந்தத் தைரியம்? அதெல்லாம் உனக்கு” என்கிறாள். (இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.)

3

சீட்டை அவள் முன் வைத்தேன்.

“இது என்னக்கா?”

“கண்ணாடிய மிதிச்சேன். அதான் எல்லாருக்கும் தெரியுமே.”

“தம்பி பொறந்த அன்னிக்கா?”

சீட்டை மடித்து என் பக்கம் தள்ளினாள். பிறகு சொன்னாள்.

“கடைத்தெருவுல ஒரு சண்டை. வேடிக்கை பாத்துட்டு உன் கைய விட்டுட்டேன். திரும்பினா உன்னக் காணோம். பஸ் நிக்கிற இடத்துல அழுதுட்டு நின்ன. அப்படியே தூக்கிட்டு ஓடியாந்தேன். செருப்பு எங்க போச்சுன்னே தெரியல, வழியிலதான் கால்ல கண்ணாடி ஏறிச்சு.”

“அப்புறம் நான் தனியா வந்தேன்னு ஏன் சொன்ன?”

“கைய விட்டது தெரிஞ்சா பெரியம்மா தோல உரிச்சிருப்பாங்க. வாசல்ல உன்ன இறக்கி, முதல்ல உள்ள தள்ளிவிட்டேன். ‘தனியாவாடி வந்த!’ன்னு அவங்களே வாயப் பொளந்தாங்க. நானும் ஆமான்னுட்டேன்.”

4

[இங்கே நான் அக்காவைக் கட்டிப்பிடித்து அழும் பத்தி ஒன்று இருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. எடுத்துவிட்டேன்.]

நடந்தது கோபம். அடிப்பாவி, முப்பத்தெட்டு வருடம்! தனியாக வீடு வந்த அந்தக் குழந்தை பொய் என்றால், இத்தனை காலம் அவளை நம்பி வண்டி ஓட்டிய நான் யார்? ஓட்டியதாவது நிஜம்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பாதிதான் மனசில் ஒட்டியது.

5

இதுவரை எழுதியதை அக்காவிடமே படிக்கக் கொடுத்தேன். அவளை ‘வீராங்கனை’ என்று எழுதியிருந்த வரியைப் பேனாவால் அடித்தாள். (அதனால்தான் அது இங்கே இல்லை.)

“வீரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நடுங்கிக்கிட்டேதான் உன்னத் தூக்கிட்டு வந்தேன்.”

“நான் மட்டும் என்னவாம்? சைரன் போட்டா இன்னிக்கும் கை நடுங்குதுக்கா. ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சுக்குவேன். யாருகிட்டயும் சொன்னதில்ல.”

“நெசமாவா?” என்று என் கையைப் பிடித்துப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

6

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். போகிறாள். போகவில்லை. அவள் கையெழுத்தை நானே போட்டு அனுப்பிவிடுகிறேன். (செய்யக்கூடியவள்தான் நான்.) மூன்றையும் கிழித்துவிட்டேன். பதில் அவளுடையது.

நாளை வெள்ளிக்கிழமை. பொறுக்க முடியாதவர்கள் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் போகாமலும் இருக்கலாம். ஊர் பிடிக்கவில்லை, வேலை அலுத்துவிட்டது, தங்கையை விட்டுப் போக மனசு வரவில்லை, எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். பயந்தாங்கொள்ளி, அதனால் போகவில்லை என்று மட்டும் எழுதக் கூடாது. அந்தக் காரணம் இனி எங்கள் வீட்டில் கிடையாது.