வட்டத்துக்குள் ஒரு பாலம்

கூடத்தின் நடுவில் கிடந்த மரக்கட்டைகளை அள்ளக் குனிந்தவளை அண்ணியின் குரல் நிறுத்தியது.

"அதைத் தொடாதேம்மா. வட்டம் போட்டிருக்கார்."

கட்டைகளைச் சுற்றி வெள்ளை சாக்பீஸ் கோடு. அது அண்ணனின் சட்டம். முப்பது வருஷமாக இந்தக் கூடத்தில் பாலர் பள்ளி நடத்தியவர். வீட்டுக்குப் போகிற நேரத்தில் எந்தப் பிள்ளையின் விளையாட்டு பாதியில் நிற்கிறதோ, அதைச் சுற்றி வட்டம் போட்டுவிடுவார். அந்தப் பிள்ளை வந்து முடிக்கும்வரை துடைப்பம்கூட உள்ளே போகக்கூடாது. நேற்றும் போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"ஆளுங்க உட்கார இடம் வேணாமா அண்ணி?"

"சுத்தி உட்காரட்டும்."

அப்படியே உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் இங்கே விளையாடி வளர்ந்தவர்கள். கோட்டைக் கண்டதும் தானாக ஒதுங்கி நடந்தார்கள்.

ஜன்னல் ஓரம் கிடத்தியிருந்த அண்ணனின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. காரணம் கைப்பையில் இருந்தது.

அவள் பக்கத்துத் தெருப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அண்ணனின் பாலர் பள்ளியை முடித்த பிள்ளைகள் நேராக அவளிடம்தான் வருவார்கள். "உங்க பிள்ளைங்களுக்கு ஒரு எழுத்து தெரியாது, வாய் மட்டும் ஏழூருக்குக் கேக்குது" என்று சண்டைக்குப் போவாள். "விளையாட்டுதான்டி அவங்க வேலை. எழுத்து எங்க ஓடிடப் போகுது?" என்பார் அவர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது பாலர் பள்ளியை அவளுடைய பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள். விளையாட்டுக் கூடம் அப்படியே இருக்கட்டுமா, பெஞ்சு போட்டு எழுத வைக்கலாமா? அவள் சொல்வதுதான் முடிவு என்றது நிர்வாகம். பெஞ்சு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். நாளைக் காலை கடிதத்தைக் கொடுக்க வேண்டும். அண்ணனிடம் சொல்ல மூன்று நாளாக வாய் வரவில்லை.

தையல் கடைக்காரி தன் ஐந்து வயது மகளோடு வந்தாள். சிறுமி கிடத்தியிருந்தவரை உற்றுப் பார்த்தாள்.

"சாக்பீஸ் மாமா எழுந்திருக்க மாட்டாராம்மா?"

"மாட்டாரு கண்ணு."

சிறுமி வட்டத்துக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏய், எழவு வீட்டுல விளையாட்டா? எழுந்திருடி!" தாய் அதட்டினாள்.

"இது என்னுது. நேத்து பாலம் முடியலை."

"விடும்மா, முடிக்கட்டும்" என்றாள் அண்ணி.

எதிரெதிரே கட்டைகளை அடுக்கிய இரண்டு தூண்கள். எந்தப் பலகையும் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு எட்டவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பலகையை நீட்டினாள். இரண்டும் குப்புற விழுந்தன. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தன.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "தூணைக் கிட்டக்க நகர்த்திடேன்."

"நகர்த்தினா கப்பல் எப்படிப் போகும்?" சிறுமி நிமிரவே இல்லை. "மாமா சொல்லித்தர மாட்டாரு. நீங்களும் சொல்லாதீங்க."

டீச்சர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தாள்.

சிறுமி ஒரு பலகையின் பின்முனையில் கட்டை ஒன்றை வைத்தாள். பிறகு இன்னொன்று, மேலும் ஒன்று. "மூணு வச்சா சாயுது." இன்னும் ஒன்று. "நாலு வச்சா நிக்குது. அப்ப அந்தப் பக்கமும் நாலு." நடுவில் இரண்டு பலகைகளும் மூக்கோடு மூக்கு தொட்டு நின்றன.

"மொத்தம் எத்தனை?" டீச்சர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"எட்டு. பார்த்தாலே தெரியுதே."

போன வாரம் டீச்சர் தன் வகுப்பில், நாலு என்ற எண்ணை நூறு தரம் பிழையில்லாமல் எழுதிய பையனிடம் நாலு சாக்பீஸ் எடுத்து வரச் சொன்னாள். திருதிருவென்று விழித்துவிட்டுப் பெட்டியோடு தூக்கி வந்தான். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இங்கே வந்து உட்கார்ந்து பார்த்ததில்லையே என்று அழுதாள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. தூக்கியவர்களின் கால்கள் பார்த்துப் பார்த்து நடந்தும், வாசல் பக்கம் கோடு அழிந்துவிட்டது. பாலம் நின்றது.

"கப்பல் இன்னும் செய்யலை" என்றாள் சிறுமி, தாயின் கையைப் பிடித்தபடி.

டீச்சர் கைப்பைக்குள் துழாவினாள். கடிதம்தான் முதலில் அகப்பட்டது. அதை இரண்டாகக் கிழித்து உள்ளேயே போட்டாள். அடியில் ஒரு சாக்பீஸ் துண்டு கிடந்தது.

மண்டியிட்டு, அழிந்த இடத்தில் கோட்டை இழுத்துச் சேர்த்தாள்.