ஆறு ராத்தல் சீனி

வீரமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியும். பேசினால் தட்டுத் தடுமாறும். காதில் விழுந்தால் ஒரு சொல் தப்பாது. மலாயாவில் பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், வெள்ளைக்காரத் துரையின் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் எட்டு வருடம் தட்டேந்தி நின்றவனுக்கு அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் அதை அவன் வெளியே காட்டியதில்லை. அவனுக்கு முன்னால் இருந்த சமையல்காரன், துரை கேட்டதற்கு இங்கிலீஷில் பதில் சொன்ன மறுவாரமே பால்வெட்டுக்கு அனுப்பப்பட்டான். தங்கள் பேச்சு புரியாத ஆள்தான் துரைமாருக்கு வேண்டும். வெள்ளைக்காரரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கணக்கெழுதும் கிராணி இருக்கிறார், அவர் மொழிபெயர்ப்பார். தோட்டத்து வழக்கம் அது.

அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரரோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, அரிசியையும் சீனியையும் அளந்து கொடுத்தார்கள். கையிருப்பில் குறைந்து, எங்கே போனதென்று சொல்ல முடியாவிட்டால் தடுப்பு முகாம். அங்கிருந்து கப்பலேற்றி இந்தியா. இந்தியா எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட வீரமுத்துவுக்குத் தெரியாது. பிறந்தது கூலிவீடுகள் வரிசையாக நின்ற இந்த லயத்தில். கட்டியதும் இந்த லயத்துப் பெண்ணைத்தான். மனைவி பஞ்சாலைக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம்.

துரை மூன்று மாத விடுப்பில் சீமைக்குப் போனார். அந்த நேரத்தில் சிரம்பான் சாலையில் பீர் லாரியைக் கம்யூனிஸ்டுகள் கொளுத்திவிட்டார்கள். அதோடு பீர் வருவது நின்றுபோனது. யாழ்ப்பாணத்துச் சீவரத்தினம் கிராணிக்கு உடனே ஒரு யோசனை. துரை வந்து இறங்கியதும் சில்லென்று பீரை நீட்டினால், காலியாகக் கிடக்கும் பெரிய கிராணி வேலை தனக்குத்தான். செய்முறைப் புத்தகம் அவரிடம் இருந்தது. கைப்பக்குவம் வீரமுத்துவிடம் இருந்தது. பங்களாச் சீனியைத் தொட்டால் வம்பாகாதா என்று வீரமுத்து தயங்கினான்.

"பயப்பிடாதை. ஆரும் கேட்டா நான் சொல்லுவன்" என்றார் கிராணி. சீனிப் பெட்டியின் சாவியைப் போட்டுத் திறந்து விட்டவரும் அவரேதான்.

பார்லியை முளைகட்டிக் காயவைத்து, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்தார்கள். சிங்கப்பூரிலிருந்து கிராணியின் மைத்துனர் அனுப்பிய காய்ந்த கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். பார்லி போதவில்லை, அதற்கு ஈடாக ஆறு ராத்தல் சீனி உள்ளே போயிற்று. ஆறியதும் ரொட்டிக்கடை ஈஸ்ட்டைக் கலந்தார்கள். பத்து நாளில் பானை நுரைத்து அடங்கியது. போத்தலில் ஊற்றி, போத்தலுக்கு அரைக் கரண்டி சீனி போட்டு, தக்கையடித்துக் கம்பியால் கட்டச் சொன்னார் கிராணி.

மறுபடியும் எதற்குச் சீனி என்று வீரமுத்து கேட்டான். கிராணி வேட்டியை மடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விளக்கினார். ஈஸ்ட் உயிருள்ள சாமான். சீனியைத் தின்று போதையாகவும் காற்றாகவும் மாற்றிவிடும். பானையில் அந்தக் காற்று வெளியே போய்விட்டது. மூடிய போத்தலில் போக வழியில்லாமல் பீருக்குள்ளேயே கரைந்து அடைபட்டுக் கிடக்கும். திறந்ததும் புஸ்ஸென்று பொங்கும். நாக்கில் வைத்தால் மட்டும் இனிப்பு இருக்காது. ஒரு கிராணி தனக்குச் சரிசமமாக உட்கார்ந்து இவ்வளவும் சொல்லிக்கொடுத்ததில் வீரமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. பாவம், அவன் கிராணியை அப்படியே நம்பிவிட்டான்.

துரை வந்த மறுநாள் காலை, பீரை எடுத்து நீட்டுவதற்கு முன்னாலேயே வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி சோதனைக்கு வந்து நின்றார். சீனியை நிறுத்துப் பார்த்தார்கள். ஆறு ராத்தலுக்கு மேல் குறைந்தது. துரைக்கு முன்னால் வீரமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவன் பதறாமல் ஒரு போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, கிராணி ஐயா சொன்னபடி பீர் காய்ச்சியதையும் சீனி அதற்குள் போனதையும் தமிழில் ஒன்றுவிடாமல் சொன்னான்.

கிராணி அதிகாரியிடம் திரும்பினார். "பீர் இவன் திருட்டுத்தனமாகக் காய்ச்சியதாம், சார். எனக்கே இப்போதுதான் தெரியும். சீனியைப் பற்றிக் கேட்டால் பேச்சில்லை" என்றார் இங்கிலீஷில்.

வீரமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிகாரி கம்பியைத் தளர்த்தினார். தக்கை வெடித்துப் பறந்த சத்தத்தில் வாசலில் நின்ற போலீஸ்காரர்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். நுரை அதிகாரியின் கையெல்லாம் வழிந்தது. விரலை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒரே கசப்பு, இதில் சீனி ஏது, காட்டுக்குத்தான் போயிருக்கிறது என்றார்.

"ஐயா, எனக்குச் சொல்லிக்குடுத்தத அவருகிட்டயும் சொல்லுங்க. ஒரு வார்த்தைதான் லா" என்றான் வீரமுத்து.

கிராணி தலையை ஆட்டிக்கொண்டே மொழிபெயர்த்தார். "பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாம். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்கிறான்."

இப்படியும் ஒரு மனிதனா என்றிருந்தது வீரமுத்துவுக்கு. எட்டு வருடம் கட்டிக் காத்த வாயை அப்போது திறந்தான். "சார், அவர் சொல்வது பொய். ஈஸ்ட் சீனியைத் தின்றுவிட்டது. இந்த நுரைதான் அந்தச் சீனி. எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர். பெட்டியைத் திறந்ததும் அவர்" என்றான், இங்கிலீஷில்.

போத்தல் இன்னும் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. துரையின் முகம் வெளுத்துப்போனது.

"எத்தனை வருடமாக உனக்குப் புரிகிறது?"

"எட்டு வருஷம், சார்."

படை லாரிகள் எந்த நாளில் எந்தப் பாதையில் போகும் என்று என் மேசையில் உட்கார்ந்து இவன் காதுபடத்தானே பேசினோம் என்று துரை அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னார். அதன் பிறகு சீனியைப் பற்றி யாரும் பேசவில்லை. அதிகாரி விலங்கைக் கொண்டுவரச் சொன்னார். உண்மையைச் சொல்லித் தானே குழி வெட்டிக்கொண்டோம் என்று வீரமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஜீப்பில் ஏற்றியபோது கிராணி பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"இங்கிலீஷ் தெரியுமெண்டு எனக்குக்கூடச் சொல்லேல்லையே, வீரமுத்து. உன்னை எவ்வளவு நம்பினன்" என்றார்.

"சொல்லியிருந்தா உண்மையச் சொல்லியிருப்பீங்களாய்யா?"

லயத்துப் பக்கமிருந்து பஞ்சாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவளைப் பார்த்ததும் கிராணி அதிகாரியிடம் திரும்பி, "இவள்தான் இவனுடைய பெண்டாட்டி, சார். இவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்" என்றார் இங்கிலீஷில். வீரமுத்துவுக்கு அது புரியும் என்று தெரிந்தேதான் சொன்னார்.