தம்பியின் தடம்

நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அதை 'நார்மல்' என்பார்கள். அங்கே ஆராய்ச்சி செய்த அவள் அதற்காக வெளியே அலைந்ததே இல்லை. அதே கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த தம்பி, கூப்பிட்ட குரலுக்கு வந்து கையை நீட்டுவான்.

அவள் ஆராய்ந்தது ஒரு நொதியை. புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுவது அதன் வேலை. ஒட்டினால் செல் பெருகும், கழன்றால் அடங்கும். ஒருவகை ரத்தப் புற்றுநோயில் அந்த நொதி கட்டுக்கடங்காமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். சோதனைப் படத்தில் ஒவ்வொருவர் ரத்தத்துக்கும் ஒரு தடம்; பாஸ்பேட் ஏறிய புரதம் அதில் கரும்பட்டையாக விழும், நோயில்லாதவர் தடத்தில் விழாது.

அன்று நோயாளியின் தடத்தில் கரும்பட்டை விழுந்திருந்தது. தம்பியின் தடத்திலும் விழுந்திருந்தது.

"நோயாளி ரத்தத்தையே ரெண்டு தடத்துலயும் விட்டிருப்பே," என்றார் துறைத்தலைவர். "கவனம் எங்கே இருக்கு?"

"விட்டிருப்பேன் சார்."

அப்படியே இருந்துவிடட்டும் என்று இருந்தது அவளுக்கு. நோயாளியின் ரத்தத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, தம்பியுடையதை மட்டும் மறுபடி சோதித்தாள். மாறிப்போக வேறு குழாயே இல்லை. ஒரு பகுதியில், நோயாளிகளுக்கு மாத்திரையாகத் தரும், நொதியை அடக்கும் மருந்தையும் கலந்தாள்.

மருந்தில்லாத தடத்தில் பட்டை அப்படியே இருந்தது. மருந்து கலந்ததில் கொஞ்சம் மங்கியிருந்தது, மறையவில்லை. மருந்து வேலை செய்திருந்தால் முழுதும் மறைந்திருக்கும்.

கூப்பிட்டதும் தம்பி வந்தான்.

"போன வாரம்தானே உறிஞ்சினே? கொசுவே தேவலை உனக்கு."

"உட்காருடா."

"பெல்ட்ல புது ஓட்டை போட்டேன், பாத்தியா? ரெண்டு வாய் சாப்பிட்டா வயிறு நிறைஞ்சுடுது. வீட்ல சமையல் மிச்சம்."

மாதக்கணக்காக இதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவன் இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தினாள். இந்த நோயில் வீங்கும் மண்ணீரல், கல் மாதிரி தடுத்தது.

"ஐயோ, கூசுதுக்கா!" என்று நெளிந்தவன், அவள் கை விலகாததைக் கண்டு அடங்கினான்.

"என்னக்கா?"

"இந்த ரத்தம் ஆராய்ச்சிக்கு இல்லடா. ஆஸ்பத்திரிக்கு. உறுதி பண்ணணும்."

எதை என்று அவன் கேட்கவில்லை. இத்தனை வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"அதுக்குத்தான் மாத்திரை இருக்குன்னு சொல்வியே. எனக்குக் கேக்கும்தானே?"

அவள் அவன் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். நரம்பு நன்றாகவே தெரிந்தது.

"அக்கா, கேக்கறேன்ல."